பதினெட்டுத் துப்பாக்கி, பதினேழு கொக்கி

உங்கள் தாத்தாவுக்கு, அதாவது உங்கள் அம்மாவைப் பெற்றவருக்கு, உலகத்தில் ஆண்பிள்ளைகள் இரண்டே வகை. ஒருவன் மெஷின் சாமான்களைப் பொருத்துகிற பிட்டர். மற்றவன் பிட்டர் இல்லாதவன். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டியிருந்த கப்பல் ரிப்பேர் பட்டறையில் அவர் மேஸ்திரி. நான் அவருக்குக் கீழே கூலி. முகத்துவாரக்குப்பத்தில் வலையை விட்டுவிட்டு அரம் பிடிக்க வந்தவன். நாலு வருஷத்தில் அரமும் உளியும் கைக்குப் பழகிவிட்டன. ஆனால் ரிஜிஸ்தரில் என் பெயருக்கு எதிரே ‘கூலி’ என்றுதான் இருந்தது.

உங்கள் அம்மா தினமும் மத்தியானம் பட்டறை கேட்டுக்கு அவருக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துவருவாள். கேட்டிலிருந்து அதை வாங்கிவந்து அவரிடம் கொடுப்பது என் வேலை. யாரும் எனக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷம் தூக்கு தூக்கிய பிறகு என் அத்தையை அனுப்பிப் பெண் கேட்டேன். அத்தை போன வேகத்தில் திரும்பி வந்தாள். உங்கள் தாத்தா சொன்ன பதிலை அப்படியே சொன்னாள்:

“கூலிக்காரனுக்கு எடுத்துக் குடுக்க எம் பொண்ணு இன்னா கருவாடா? பிட்டரா ஆவட்டும், அப்பால பாக்கலாம்.”

அந்தச் சமயம் பட்டறையில் ஒரு பிட்டர் வேலை காலியாகத்தான் இருந்தது. இருந்தவர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த இடத்தில் யாரைப் போடுவது என்று போர்மேன் துரைதான் முடிவு செய்ய வேண்டும். அவரோ அவசரப்படாத மனிதர். உங்கள் தாத்தா அவசரப்பட்டார். பெரம்பூரில் ஒரு ரயில்வே பிட்டரைப் பார்த்துப் பேசி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கு முந்தின திங்கட்கிழமைதான் துப்பாக்கிகள் வந்தன.

ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. ஜெர்மன்காரர்களிடம் பிடுங்கிய துப்பாக்கிகளை வெள்ளைக்காரர்கள் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பதினெட்டு, துறைமுகக் கிடங்கில் ஈரம் குடித்துத் துருவேறிக் கிடந்தன. துரைமார் கிளப் ஒன்றின் சுவரில் விசிறி மாதிரி அடுக்கி மாட்டப் போகிறார்கள். அதற்கு முன் துரு போக்கி, குழாயின் முன்வாயில் ஈயம் உருக்கி ஊற்றி அடைத்து, எண்ணெய் போட்டுத் தர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஒரு ராணுவத் துரை வந்து பார்த்து எடுத்துப்போவார். போர்மேன் துரை என்னைக் கூப்பிட்டு, இந்த வேலையை நீ செய், சரியாகச் செய்தால் ரிஜிஸ்தரில் என்ன எழுதுவது என்று யோசிக்கிறேன் என்றார். வாசலில் ஒரு சிப்பாயைக் காவலுக்குப் போட்டார்கள். துப்பாக்கிகளை நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் இருக்க. அவன் தன் சொந்தத் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு நன்றாகத் தூங்குவான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குப்பத்தில் பெரிய வலை கரைக்கு வந்தால் முதலில் என்ன செய்வோம்? கொட்டி, பிரிப்போம். நெத்திலி ஒரு குவியல், காரப்பொடி ஒரு குவியல், வாளை ஒரு குவியல். எந்த மீன் வலையின் எந்த மூலையில் கிடந்தது என்று யாராவது கேட்பார்களா? அதே கையால் பதினெட்டுத் துப்பாக்கிகளையும் திருகு கழற்றிப் பிரித்துப் போட்டேன். குழாய்கள் ஒரு பக்கம், கட்டைகள் ஒரு பக்கம். துப்பாக்கியைத் திறந்து மூடும் தாழ்ப்பாள்கள் ஒரு மண்ணெண்ணெய் டின்னில், விசைகள் ஒரு டின்னில், கொக்கிகள் ஒரு டின்னில், திருகாணிகள் ஒரு டின்னில். பார்க்கவே அழகாக இருந்தது. உங்கள் தாத்தாவும் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். மெஷினில் செய்த சாமான், எதை எதில் வைத்தாலும் உட்காரும் என்றார்.

உட்காரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு தாழ்ப்பாளை எடுத்து ஒரு துப்பாக்கியில் போட்டேன். பாதியில் நின்றது. இன்னொன்றில் போட்டேன், கொழகொழவென்று ஆடியது. மூன்றாவதில் அருமையாகப் போயிற்று, ஆனால் கடைசி முக்கால் விரல்கடை மூட மறுத்தது. உங்கள் தாத்தா உடனே குரலை உயர்த்தி, எவன் இப்படிக் கலந்தது என்று கேட்டார். முந்தினநாள் தலையை ஆட்டியது வேறு யாரோ என்பது போல.

போர்மேன் துரை வந்தார். டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்து, தன் சமையல்கட்டுத் தமிழில் ஒரு கதையே சொன்னார். சண்டைக்கு முந்தி, இந்தத் துப்பாக்கிகள் பிறந்த அதே ஜெர்மன் தொழிற்சாலைக்கு மெஷின் பூட்டிக் கொடுக்க அவர் போய், ஒரு வருஷம் இருந்திருக்கிறார். அவர் சொன்னதை என் வாயால் சொல்கிறேன். கவனமாகப் படியுங்கள். இப்படி ஒரு விஷயம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர மாட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் துப்பாக்கி செய்யத் தெரிந்த ஆள் ஒருவன்கூடக் கிடையாதாம். ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்கிறார்கள், தினம் நூற்றுக்கணக்கில் துப்பாக்கி வெளியே போகிறது, ஆனால் யாருக்கும் துப்பாக்கி செய்யத் தெரியாது. ஒருவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வெட்டு. சிவக்கக் காய்ச்சிய இரும்பைப் பெரிய சம்மட்டி மெஷின் ஒரே அடியில் அச்சுக்குள் அடித்து, ஏறக்குறைய உருவம் கொடுத்துவிடும். பிறகு அது வரிசையாக நிற்கும் மெஷின்களிடம் போகும். கூரையில் ஒரு நீண்ட உருளை சுற்றும், அதிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி எல்லா மெஷினையும் சுற்றவைக்கும். முதல் மெஷின்காரன் ஒரு பக்கத்தைச் சீவுவான். அடுத்தவன் ஒரு துளை போடுவான். அதற்கடுத்தவன் அந்தத் துளையின் வாயை மழுக்குவான். காலையிலிருந்து சாயங்காலம்வரை வாய் மழுக்குவதுதான் அவன் வேலை. மறுநாளும் அதேதான். கலியாணமாகிப் பேரன் எடுக்கும்வரை அதேதான்.

ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஆணியில் ஒரு அளவுத் துண்டு தொங்குமாம். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக்கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் தப்பு, போகக்கூடாதது போய்விட்டாலும் தப்பு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலை பின்னும்போது கண் எல்லாம் ஒரே அளவாக விழ எங்கள் வீட்டிலும் ஒரு மூங்கில் பத்தை இருந்தது. முடிச்சு முடிச்சாக அதைச் சுற்றித்தான் பின்னுவோம். ஜெர்மன்காரன் பத்தைக்கு இரண்டு முனை வைத்திருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். போர்மேன் துரை கொஞ்சநேரம் என்னையே பார்த்துவிட்டு, கதையைத் தொடர்ந்தார்.

துப்பாக்கியின் மரக்கட்டையைச் செதுக்கவும் மெஷின்தான். இரும்பில் வார்த்த மாதிரிக் கட்டை ஒன்று ஒரு பக்கம் சுழலும். ஒரு சக்கரம் அதைத் தடவிக்கொண்டே போகும். அது மேடேறினால் இந்தப் பக்கம் கத்தியும் மேடேறும், அது பள்ளத்தில் இறங்கினால் கத்தியும் இறங்கும். குருடன் முகத்தைத் தடவிப் பார்த்துச் சிலை செய்வது மாதிரி. குழாய் வளையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் மெஷின் கிடையாது. அதற்கு ஒரு கிழவன் இருந்தானாம். குழாயை ஜன்னல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணால் உள்ளே பார்ப்பான். உள்ளே விழும் நிழல்கோடு எங்கே நெளிகிறதோ அங்கே சுத்தியால் ஒரு தட்டு. முதலாளியே வந்தாலும் அவனுக்கு எதிரே ஜன்னலை மறைத்து நிற்கமாட்டாராம்.

அப்படி எல்லாம் ஒரே அளவாகச் செய்தால் எதை எதில் போட்டாலும் உட்கார வேண்டாமா என்று கேட்டேன். அதற்குத்தான் துரை ஒரு தாழ்ப்பாளை எடுத்து, கண்ணாடி வைத்துக் காட்டினார். அதில் சின்னதாக எண் பொறித்திருந்தது. கொக்கியில் எண், விசையில் எண், திருகாணித் தலையில்கூட எண். தொண்ணூற்றொன்பது பங்கு மெஷின் செய்துவிடும், கடைசி ஒரு பங்கை அங்கேயும் அரம் பிடித்த ஆட்கள்தான் தேய்த்துச் சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகு மறுபடி பிரித்து, பதம் ஏற்றவும் கறுப்பு ஏற்றவும் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அங்கே எல்லாம் கலந்துவிடும். அதனால்தான் எண். கலந்ததை மறுபடி ஜோடி சேர்க்கத் தெரிந்த தொழிற்சாலை அது. அவர்கள் செய்த பாதியை நீ செய்துவிட்டாய், மீதிப் பாதியைச் சனிக்கிழமைக்குள் செய் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை மத்தியானம்வரை கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எண் எண்ணாகத் தேடி, தாய் பிள்ளையைச் சேர்ப்பது மாதிரிச் சேர்த்தேன். எல்லாம் அழகாக உட்கார்ந்தன. பதினேழு துப்பாக்கி முடிந்தது. பதினெட்டாவதற்குக் கொக்கி இல்லை.

கொக்கி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுட்டு முடித்த காலித் தோட்டாவைக் கவ்வி வெளியே இழுத்துப்போடும் எஃகுப் பட்டை. நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், மெல்லிசு, வளைந்து கொடுக்கும், நுனியில் பூனை நகம் மாதிரி ஒரு வளைவு. டின்னைக் கவிழ்த்தேன், தரையைப் பெருக்கினேன், தூங்குகிற சிப்பாயைப் புரட்டிக்கூடப் பார்த்தேன். இல்லை. உங்கள் தாத்தா பட்டறை முழுக்கக் கேட்கும்படி, ராணுவச் சாமானைத் தொலைத்தவன் என்று என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பேசினார். ராணுவத் துரை சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை, காலித் தோட்டா ஒன்றைக் கையோடு கொண்டுவந்து பதினெட்டையும் இழுத்துப் பார்ப்பவர் என்று வேறு சொன்னார்.

தூக்கு வாங்க கேட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்து உங்கள் அம்மா என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“நைனாவுக்கு முதுவு சொறிய ஒரு இரும்பு கெட்ச்சிகீது. முந்தாநாள்லேர்ந்து அதும் கையுமாத்தான் கீறாரு.”

“எம்மா நீளம்?”

விரலால் காட்டினாள். நுனியில் நகம் மாதிரி இருக்கும் என்று தானாகவே சொன்னாள்.

“அதுல நம்பர் கீதா?”

“முதுவு சொறியறதுக்கு நம்பர் இன்னாத்துக்கு?”

அதைக் கொஞ்சம் எடுத்துவந்து கொடு என்று கெஞ்சினேன். அது எப்போதும் அவர் இடுப்பு மடிப்பில்தான் இருக்கிறது, குளிக்கப் போனாலும் கூடவே போகிறது என்றாள். கடல்காற்று உப்பில் அவர் முதுகு எப்போதும் அரிக்கும், பாவம். ஜெர்மனியிலேயே செய்தாலும் அதற்கு மேல் பொருத்தமான சாமான் அவருக்குக் கிடைத்திருக்காது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொக்கி எங்கே என்று தெரியும். கேட்டால், நாலு பேர் முன்னால் மேஸ்திரியைத் திருடன் என்று சொன்னதாகும், பிறகு பெண் கிடைக்காது. கேட்காவிட்டால் சனிக்கிழமை வேலை கெட்டது, ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர்காரன் வருகிறான், அப்போதும் பெண் கிடைக்காது. நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உங்கள் அம்மா கிளம்பினவள் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு அது தெரியும் இது தெரியும்னு ஒரு வருசமா சொல்லிகினு கீறியே. அத்த ஒண்ணு செஞ்சிட்டா ஆச்சு.”

செய்வது என்று முடிவு செய்தேன். ஜெர்மனியில் அந்தக் கொக்கிக்கு எத்தனை மெஷின், எத்தனை ஆள் என்று எனக்குத் தெரியாது. இங்கே எனக்கு ஒரு உலை, சாமானைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், நாலு அரம். எஃகுக்கு எங்கே போவது? கல்மண்டபம் பக்கத்தில் ஒரு ஜட்கா வண்டிக்காரரின் வண்டியைத் தாங்கும் எஃகு வில் உடைந்து கிடந்தது. கேட்டு வாங்கிவந்தேன். இன்னொரு துப்பாக்கியின் கொக்கியைத் தகரத்தின் மேல் வைத்து வரைந்து வெட்டி, எனக்கும் ஒரு அளவுத் துண்டு செய்துகொண்டேன். இரண்டு முனையுள்ளதாகவே செய்தேன்.

உங்கள் தாத்தா மணி அடித்ததும் வீட்டுக்குப் போவார். அதற்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்வரை எனக்கு நேரம். முதல் கொக்கியைப் பதம் ஏற்றக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். எடுத்து மெல்ல வளைத்ததும் அப்பளம் மாதிரி இரண்டாகிவிட்டது. தண்ணீர் ஆகாது, எண்ணெய் வேண்டும். காசிமேட்டில் மீன் எண்ணெய் ஒரு சொம்பு வாங்கிவந்தேன். இரண்டாவதை அதில் முக்கியபோது கிளம்பிய நாற்றத்தில் சிப்பாயே விழித்துக்கொண்டான். அந்தக் கொக்கி உடையவில்லை, ஆனால் வளைத்தால் வளைந்தபடியே நின்றது. பதம் ஏறவில்லை. மூன்றாவது எல்லாம் சரி, அரத்தால் ஒரே ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டேன். தகரத்தின் போகக்கூடாத முனை போய்விட்டது. வாய் மழுக்கிக்கொண்டே பேரன் எடுக்கும் அந்த ஜெர்மன்காரனைப் பற்றி நான் நினைத்ததற்கெல்லாம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நாலாவதை வெள்ளிக்கிழமை முடித்தேன். எண்ணெயில் முக்கி, மறுபடி மெல்லச் சூடு காட்டி, எஃகின் மேல் நீல நிறம் ஓடி வரும்போது நிறுத்தினேன். மணலும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அரம் பட்ட தடம் ஒன்றுகூட இல்லாமல் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். எண் பொறித்தேன். பதினெட்டாவது துப்பாக்கியில் பூட்டினேன். கச்சென்று உட்கார்ந்தது.

சனிக்கிழமை உங்கள் தாத்தா வந்து எண்ணிப் பார்த்தார். பதினெட்டு. மறுபடி எண்ணினார். அவர் கை தானாக இடுப்பு மடிப்பைத் தொட்டுப் பார்த்தது. அங்கேயும் இருந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைக் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

ராணுவத் துரை வந்தார். ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, காலித் தோட்டாவைப் போட்டு, தாழ்ப்பாளை இழுத்தார். தோட்டா துள்ளி அவர் கால் பக்கம் விழும், சிப்பாய் எடுத்துக் கொடுப்பான். பதினேழுவரை இப்படியே போயிற்று. பதினெட்டாவதை இழுத்தார். தோட்டா பறந்துபோய் உங்கள் தாத்தாவின் தலைப்பாகையில் அடித்தது.

அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொக்கியைப் பார்த்தார் ராணுவத் துரை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களை எல்லாம் பார்த்து இங்கிலீஷில் நீளமாகப் பேசினார். மற்ற பதினேழும் சண்டை நெருக்கடியில் அவசரமாகச் செய்தவை, இது ஒன்றுதான் ஜெர்மன்காரனின் அசல் வேலை, இந்த மாதிரி வேலையை இந்த ஊரில் நூறு வருஷம் ஆனாலும் ஒருவனும் செய்யமாட்டான் என்று சொன்னாராம். போர்மேன் துரை அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் கண் என் மேல் இருந்தது.

ராணுவத் துரை கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைப் பார்க்க வெளியே போனார். போர்மேன் துரை அந்தத் தாழ்ப்பாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஜெர்மனியில் என்ன எண்ணெயில் பதம் ஏற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அது காசிமேட்டு வாடை அடிக்காது. தாழ்ப்பாளைக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கேட்காமல், மேஸ்திரியைப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார்.

இப்போது வலையில் விழுந்தது உங்கள் தாத்தா. தெரியாது என்றால், தன் பட்டறையில் நடப்பது தெரியாத மேஸ்திரி. ஜெர்மன்காரன் செய்தது என்றால், துரையிடம் பொய். இவன் செய்தது என்றால் அடுத்த கேள்வி, அசல் எங்கே என்பது. நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்தார். ஒரு தரம் என்னைப் பார்த்தார்.

“நம்ம பிட்டர் செஞ்சது, தொர.”

எந்தப் பிட்டர் என்றார் துரை. பட்டறையில் அந்த வேலை காலி என்பது அவருக்குத் தெரியாதா? உங்கள் தாத்தா மோவாயால் என்னைக் காட்டினார். அசல் கொக்கி என்னவாயிற்று என்று கேட்டார் துரை.

“கடல்ல வுளுந்துட்ச்சு, தொர.”

பட்டறைக்குள் கழற்றிய சாமான் கடலில் எப்படி விழும் என்று துரை கேட்கவில்லை. ரிஜிஸ்தரை எடுத்துவரச் சொன்னார். என் பெயருக்கு எதிரே இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே புதிதாக எழுதினார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தது அவ்வளவுதான், ஆனாலும் அந்த ஒரு சொல்லை நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் உங்கள் தாத்தா கேட்டில் எனக்காக நின்றார். இரண்டு பேரும் தெருமுனைவரை நடந்தோம். அங்கே நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நாளிக்கு பெரம்பூர்காரன் பத்து மணிக்கு வர்றான். நீ உங்க அத்தைய இட்டுகினு ஒம்போதுக்கே வந்துடு. நல்லா சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வா, மீனெண்ண நாத்தம் வூட்டுக்குள்ள ஆவாது.”

நான் எட்டு மணிக்கே போய்விட்டேன்.